ஒரு தட்டு டென்ஸுக்கு, இரண்டு தட்டு மோடலுக்கு

நான் வேலை பார்த்த பயிற்சி நிலையத்தில் இப்போது ஆங்கிலம் எடுக்கும் இளம் ஆசிரியர்கள் மூன்று பேர் போன மாதம் கரமனையில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் கைபேசியில் ஒரு செயலி இருக்கிறது. மாணவி ஆங்கிலத்தில் பேசப் பேச அது கேட்டுக்கொண்டே இருக்கும். வினைச்சொல்லில் காலம் தவறினால் 'டக்' என்று ஒரு சத்தம் எழுப்பும். போட்டுக் காட்டினார்கள். "சார், இதொண்ணும் இல்லாம நீங்க எப்படி முப்பது வருஷம் சமாளிச்சீங்க? நம்ம ஆண்டு மலருக்கு எழுதித் தரணும், கேட்டோ" என்றார்கள். அந்தச் செயலி செய்கிற வேலையைத்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன். அதை எந்த லட்சணத்தில் செய்தேன் என்று எழுதினால் மலரில் போடுவார்களா என்பது சந்தேகம். கேட்டது அவர்கள், எனக்கென்ன.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பி.ஏ. ஆங்கிலம், இரண்டாம் வகுப்பு. அரசு வேலைக்குத் தேர்வு எழுதி எழுதி வயது தாண்டியது. அப்புறம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் இரண்டாம் மாடியில் இருந்த அந்த நிலையத்தில், பிரசவ விடுப்பில் போன ஆசிரியைக்குப் பதிலாக மூன்று மாதத்துக்குச் சேர்ந்தேன். அந்த அம்மா திரும்பி வரவில்லை, நானும் கிளம்பவில்லை. வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் எழுத வேண்டிய ஆங்கிலப் பரீட்சைக்குத் தயார் செய்வது எங்கள் தொழில். அதில் என் பங்கு டென்ஸும் மோடலும். அதாவது வினைச்சொல்லின் பன்னிரண்டு காலங்களும், வினைக்கு முன்னால் வந்து உட்காரும் கேன், குட், மே, மைட், ஷுட், மஸ்ட் வகையறாவும்.

சொல்லிக்கொடுப்பதில் நான் மோசமில்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொன்னதில்லை. "நான் தம்பானூர் போய்ச் சேர்ந்தப்போ நாகர்கோவில் பஸ் போயிருந்தது. இதில முதல்ல நடந்தது எது? பஸ் போனது. அதுக்குத்தான் ஹாட்" என்பேன். தம்பானூரில் பஸ்ஸைத் தவறவிடாதவர் வகுப்பில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் பாஸ்ட் பர்ஃபெக்ட் அரை மணியில் முடிந்துவிடும். மோடலுக்கு ஒரு அட்டையில் படிக்கட்டு வரைந்து சுவரில் மாட்டியிருந்தேன். கீழ்ப்படியில் மைட், உச்சியில் மஸ்ட். நோயாளியிடம் எந்த நேரத்தில் எந்தப் படியில் நின்று பேசுவது என்பது பாடம். மாத்திரை சாப்பிடலாம், சாப்பிட்டால் நல்லது, சாப்பிட்டே ஆக வேண்டும் என்று ஒவ்வொரு படியாக ஏற்றி இறக்குவேன்.

நானே எந்தப் படியில் நிற்கிறேன் என்பது ஒரு நாள் பழவங்காடியில் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருக்கும். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம் என்று போயிருந்தேன். தோளில் பையுடன் ஒரு வெள்ளைக்காரர் நேராக என்னிடம் வந்து பத்மநாபசுவாமி கோயில் குளத்துக்கு வழி கேட்டார். என் சட்டைப்பையில் இரண்டு பேனா இருந்ததைப் பார்த்து நம்பியிருக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன். 'யூ கேன் கோ' என்பதா, 'யூ ஷுட் கோ' என்பதா, அந்நியரிடம் 'யூ மைட்' என்பதுதான் மரியாதையா என்று உள்ளே விசாரணை ஆரம்பித்துவிட்டது. விசாரணை முடியவில்லை. தேங்காய் விற்கிற பெண்மணி கையிலிருந்த தேங்காயாலேயே திசை காட்டி, "ஸ்ட்ரெயிட்டு போ சாரே, லெஃப்ட்டு, வாட்டர்!" என்றாள். அவர் அவளுக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அவள் என்னைப் பார்த்து, "சாருக்குத் தேங்காய் ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டாள். இரண்டு வாங்கினேன்.

இதிலிருந்து நான் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்றேன், தலைகீழாக. எனக்குப் பேச்சு வராததற்குக் காரணம் என் ஆங்கிலம் இன்னும் போதிய அளவு சுத்தமாக இல்லாததுதான் என்று முடிவு செய்து, மாணவிகளையாவது ஒரு பிசிறு இல்லாமல் பேச வைப்பது என்று கிளம்பினேன். அதற்காக ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். மாணவி எழுந்து நின்று பேசுவாள். நான் கரும்பலகை துடைக்கும் டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டென்ஸ் தவறினால் டஸ்டரின் மரப்பக்கத்தால் மேசையில் ஒரு தட்டு. மோடல் தவறினால் இரண்டு தட்டு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவளே நின்று, யோசித்து, வாக்கியத்தை ஆரம்பத்திலிருந்து திருத்திச் சொல்ல வேண்டும். சத்தம் வராவிட்டால் சரி என்று அர்த்தம்.

இதில் எனக்கு எவ்வளவு பெருமை என்றால், வீட்டிலும் கை தானாகப் போகும். ஒரு நாள் சாப்பிடும்போது என் மனைவி யாரோ கல்யாணத்துக்குப் போன கதையை முன்பின்னாகச் சொல்ல, என் விரல் தட்டில் தட்டிவிட்டது. "இது கிளாஸ் இல்லை. தோசை வேணும்னா கையை எடுங்கோ" என்றாள். எடுத்தேன். வீட்டில் சொல்வதை ஆபீஸுக்குக் கொண்டுபோகிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் அது அத்துடன் நின்றது. வகுப்பில் கடைசி பெஞ்சில் யாரோ ஒரு மரங்கொத்தியைச் செதுக்கியிருந்தார்கள். எனக்கு அதுதான் பட்டப்பெயர் என்று தெரியும். என் மூக்கு நீளம் என்பதால் வைத்திருக்கிறார்கள் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன்.

எங்கள் பிரின்சிபால் குருவிளா சார். கோயம்புத்தூரில் சில வருஷம் இருந்தவர், என்னிடம் மலையாளம் கலந்த ஒரு தமிழில் பேசுவார். யாரையும் தன் அறைக்குக் கூப்பிட மாட்டார். கையில் பால் விடாத கட்டன் சாயா கிளாஸுடன் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் மாணவிகளோடு உட்கார்ந்துகொள்வார். குறிப்பு எடுக்க மாட்டார், தலையாட்ட மாட்டார். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு, "சாரே, ஒரு சம்சயம்" என்பார். அவருக்குச் சம்சயம் வந்தால் நமக்கு முதுகு வியர்க்கும். அவர் இதுவரை யாரையும் தப்பு என்று சொன்னதில்லை, சந்தேகம் மட்டும் கேட்டிருக்கிறார். பரீட்சையில் தோற்றவர்களுக்கு முடிவைப் போனில் சொல்ல விடமாட்டார். வரச்சொல்லி, தானே ஒரு நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு, அவள் உட்கார்ந்தபிறகு தானும் உட்கார்ந்து, அப்புறம்தான் சொல்வார். என் டஸ்டர் முறையைப் பார்த்துவிட்டு ஒருமுறை, "சாரே, ஒரு சம்சயம். மேசைக்கு வலிக்காதா?" என்று கேட்டார். நான் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

அப்போதுதான் செல்வராணி வந்து சேர்ந்தாள். தக்கலைப் பக்கத்துக்காரி, முப்பத்தொன்பது வயசு. நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினேழு வருஷ நர்ஸ். அவள் இருந்த வார்டையே மூடப்போவதாகச் சொல்லி வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். புருஷன் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சமையல். வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லம் அவளுக்கு வேலை தரத் தயாராக இருந்தது. பரீட்சையில் தேறியதும் வரலாம், மார்ச் முடியும்வரை இடத்தை வைத்திருக்கிறோம் என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். "இது போச்சுன்னா எனக்க வயசுக்கு இனி ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க சார். அம்புட்டுதான்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் எந்த நடுக்கமும் இல்லை. ரத்த அழுத்தம் இவ்வளவு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

வகுப்பில் அவளைப்போல் ஒரு மாணவியை நான் பார்த்ததில்லை. முதல் மாதம் அவள் பேசினால் என் மேசையில் மழை பெய்தமாதிரி இருக்கும். மூன்றாம் மாதம் பத்து நிமிஷம் பேசினால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். படித்தல், எழுதுதல், கேட்டல் மூன்றிலும் முதல் தடவையே தேறினாள். பேச்சில் தோற்றாள். ஜனவரியில் மறுபடி எழுதினாள், பேச்சில் மறுபடி தோற்றாள். இரண்டு தடவையும் குருவிளா சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். இரண்டாவது தடவை அவள் உட்காரவில்லை. "சொல்லுங்க சார், நிக்கேன்" என்றாள்.

என்ன ஆயிற்று என்று கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை. "எல்லாம் செரியாத்தான் தொடங்கினேன் சார். பாதியில அவரு தப்புன்னாரு. மாத்திச் சொன்னேன். பின்னயும் தப்புன்னாரு. நேரம் தீந்துபோச்சு."

பரீட்சை எடுப்பவர் வாயைத் திறந்து தப்பு என்று சொல்லவே மாட்டாரே என்றேன். "சொல்லல்ல. ஆனா சொன்னாரு" என்றாள். பெண் குழம்பிப்போயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த வாரமே குருவிளா சார் ஒத்திகைப் பரீட்சை வைத்தார். பரீட்சையில் நடப்பது போலவே, ஒரு சின்ன அட்டையில் நிலைமை எழுதியிருக்கும்: வயதான நோயாளி, மாத்திரை சாப்பிட மறுக்கிறார், நர்ஸ் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும். படிக்க மூன்று நிமிஷம், பேச ஐந்து நிமிஷம். குருவிளா சார் நோயாளி. நான் ஓரத்தில் டஸ்டருடன் நின்றேன், இந்தத் தடவை தட்டக்கூடாது என்ற உத்தரவுடன். செல்வராணி ஆரம்பித்தாள். அழகாகப் போயிற்று. இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்வது நல்லது என்று ஷுட் போட்டு இதமாகச் சொன்னாள். குருவிளா சார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கூட்டைத் தகர மூடியுடன் மேசையில் வைத்தார். டக்.

செல்வராணி நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "சாரி சார்" என்று, அதே வாக்கியத்தை மஸ்ட் போட்டு ஆரம்பத்திலிருந்து சொன்னாள். குருவிளா சார் சாயா கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார். டக். அவள் மஸ்டை எடுத்துவிட்டு ஹாவ் டு போட்டாள். அவர் கிளாஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அப்புறம் வேண்டுமென்றே, பேனாவால், மிக மெதுவாக இரண்டு தட்டு தட்டினார். பதினேழு வருஷம் வார்டில் நின்ற நர்ஸ் மேயில் இறங்கி, மைட்டில் விழுந்து, கடைசியில் அந்த மாத்திரை வேண்டுமானால் சாப்பிடுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம் என்கிற அளவுக்கு வந்து நின்றுவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. பரீட்சை அறையில் யாரோ ஒரு மனுஷன் யோசிக்கும்போது பேனாவைத் தட்டியிருக்கிறார், அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

குருவிளா சார் என் கையிலிருந்த டஸ்டரைப் பார்த்தார். "சாரே," என்றார். சம்சயம் என்ற வார்த்தை வரவில்லை. "இவளுக்கு இங்கிலீஷ் அறியும். நமக்க சத்தம் கேட்டா இவளுக்குப் பேடி, பயம். அது நாம படிப்பிச்சது."

மரங்கொத்தி என் மூக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. இரண்டாம் மாடி என்பதால் அதற்கும் வழியில்லை.

மூன்றாவது பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அதை விட்டால் மார்ச்சுக்குள் வேறு தேதி கிடையாது. நான் கெடுத்ததை நானே சரிசெய்கிறேன் என்று வீரமாகச் சொல்லிவிட்டு, டஸ்டரை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். முதல் நாள் விரல் தட்டிற்று. இரண்டாம் நாள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், புருவம் தட்டிற்று. அவள் என் புருவத்தைப் பார்த்தே வாக்கியத்தை மாற்றினாள். மூன்றாம் நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து, "சார், ஒங்க காது அசையுது" என்றாள்.

நாலாம் நாள், காலையில் பிரஷர் மாத்திரை போட மறந்து வந்திருந்த நான், நோயாளியாக நடித்துக்கொண்டே எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் 'டிட் நாட் டுக்' என்றாள். நான் பல்லைக் கடித்தேன். அடுத்து இன்னொன்று. கழுத்து விறைத்தது, காதுக்குள் இரைச்சல், படிக்கட்டு அட்டை சுவரோடு சாய்ந்தது. அப்புறம் தெரிந்தது, சாய்ந்தது நான்தான். அதற்குள் செல்வராணி என்னைப் பிடித்து பெஞ்சில் கிடத்தி, காலுக்கடியில் இரண்டு தடி அகராதிகளை வைத்து உயர்த்தி, மணிக்கட்டில் நாடியைப் பிடித்துவிட்டாள். "லை டவுன். டோன்ட் டாக். மார்னிங் டேப்லெட் டேக்கன்? ஒய் நாட்? நோ, நோ, யூ டோன்ட் டெல் மீ ஸ்டோரி." சில மாதமாக வாயில் ஆங்கிலமே இருந்ததால் அதுவே வந்தது. எத்தனை தப்பு என்று எண்ண எனக்குத் தெம்பில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், சொன்னபடி கேட்காவிட்டால் இவள் விடமாட்டாள் என்பது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். சரியா தப்பா என்று தேடவில்லை, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தாள்.

வாசலில் குருவிளா சார் சாயாவுடன் நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சொல்லிவிட்டு வந்து, "சாரே, பயப்படண்டா. இனி இதுதான் கிளாஸ்" என்றார். இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு, பரீட்சைவரை தினமும் மதியம் நான் அந்தப் பெஞ்சில் கண்ணை மூடிப் படுத்துக்கிடந்தேன். அவள் என்னை ஒரு பிடிவாதக்காரக் கிழவனாகப் பாவித்து ஆங்கிலத்தில் அதட்டினாள், கெஞ்சினாள், சமாதானம் சொன்னாள். பாவிக்க அவள் அதிகம் சிரமப்பட்டதாகத் தெரியவில்லை. முப்பது வருஷ வாத்தியார் வேலையில் நான் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது படுத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்ததுதான்.

பரீட்சை மையத்துக்கு நானும் வருகிறேன் என்றேன். "வேண்டாம் சார். நீங்க கேட்டுக்கு வெளிய நின்னாலும் எனக்குத் தெரியும்" என்றாள்.

தேறிவிட்டாள். மார்ச் முடிய ஒன்பது நாள் இருந்தது. முடிவைச் சொல்ல ஆசிரியர் அறைக்கு வந்தபோது நான்தான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். எப்படி நடந்தது, ஒன்று விடாமல் சொல் என்றேன்.

"அவரு பேனாவ தட்டத்தான் செஞ்சாரு சார். எனக்கு நாக்கு இழுத்துது. பின்ன நான் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னே?"

"'சார், ப்ளீஸ் ஸ்டாப் தட். ஐ கெட் டிஸ்டர்ப்' அப்பிடீன்னேன். அவரு சாரி சொல்லி பேனாவ பையில போட்டுட்டாரு."

பரீட்சை எடுப்பவரிடம் அப்படிச் சொல்லலாம் என்று எனக்கே தெரியாது. அந்நியரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்வது எப்படி என்று வுட் போட்டு, குட் போட்டு எத்தனையோ விதமாக நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதில் எதையும் அவள் எடுக்கவில்லை. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு, "இதை முதல் மாசமே ஒங்ககிட்டச் சொல்லணும்னு இருந்துது சார். தைரியம் வரல்ல" என்றாள்.

அவள் போனபிறகும் அந்த வார்த்தை போகவில்லை. அவளுக்காவது கடைசியில் தைரியம் வந்தது. மற்றவர்கள்? எங்கள் நிலையத்தில் தோற்றவர்கள் பெயருக்கு எதிரே காரணம் எழுதிவைப்பது வழக்கம். பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். பேச்சில் தோற்றவர்கள் பெயருக்கு எதிரே, என் கையெழுத்தில், சிவப்பு மையில், 'தன்னம்பிக்கை போதாது' என்று இருந்தது. ஒரு பக்கத்தில் நாலு பேர். அடுத்த பக்கத்தில் ஆறு பேர். அப்புறம் எண்ண முடியவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இதை எழுதும்போதும் வருகிறது.

குருவிளா சாரிடம் சொல்லிவிட்டு, கிடைத்த நம்பர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் செய்தேன். பாதி நம்பர்கள் வேலை செய்யவில்லை. சிலர் என்னை ஞாபகமில்லை என்றார்கள். ஒருத்தி மரங்கொத்தி சாரா என்று கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேர் மறுபடி வந்து சேர்ந்து, தட்டுச் சத்தம் இல்லாமல் படித்து, தேறிப் போனார்கள்.

பாறசாலையில் ஒரு துணிக்கடையில் இருந்த சாந்தி மட்டும், இனி பரீட்சை வேண்டாம் சார், கடை பழகிப்போச்சு என்றாள். நான் அதற்காக மட்டும் கூப்பிடவில்லை என்றேன். அப்போது நீ தோற்றது உன்னால் இல்லை, நான் மேசையைத் தட்டித் தட்டி உன் பேச்சை நிறுத்திவிட்டேன், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றேன். அந்தப் பக்கம் யாரோ சேலைக்கு விலை கேட்பது கேட்டது.

"எனக்குத் தலையில ஒண்ணும் ஏறாதுன்னுல்லா சார் ஆறு வருஷமா நெனச்சிட்டு இருக்கேன்" என்றாள். "எனக்க மோளு மார்க்கு கொறஞ்சா, 'அம்மைக்க புத்திதானே ஒனக்கும் இருக்கும்'னு அவகிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

மகள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்குத்தான் வந்திருக்கிறாள், இங்கே பக்கத்தில் நிற்கிறாள் என்றாள். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.